காபி குடித்தால் மயஸ்தீனியா நோயாளிக்குத் தெம்பு வருமா, போகுமா?

'மயஸ்தீனியா கிராவிஸ்' என்று மருத்துவர் பெயர் சொன்ன அன்றைக்கே பலரும் போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். என்ன சாப்பிடலாம், எதை விட வேண்டும், காபி குடிக்கலாமா? கிடைக்கும் பதில்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கும். காலையில் ஒரு ஸ்ட்ராங் காபி உள்ளே போனால்தான் இமையே திறக்கிறது என்பவர்கள் ஒரு பக்கம். காபியை நிறுத்திய பிறகுதான் உடம்பில் தெம்பு வந்தது என்பவர்கள் மறுபக்கம். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஆனால் இருவரும் காபியைப் பற்றிச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, நோயின் கடிகாரத்தைப் பற்றித்தான் சொல்கிறார்கள்.

பொறுமை இல்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம். நாம் குடிக்கும் அளவில் காபி இந்த நோயைக் குணப்படுத்துவதும் இல்லை, பெரும்பாலானோருக்குக் கெடுப்பதும் இல்லை. கவலைப்பட வேண்டியது வேறு மூன்று விஷயங்களுக்கு: மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் இடையிலான நேரம், தட்டில் இருப்பது விழுங்க எளிதா என்பது, வயிறு கெட்டதும் மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கும் மாத்திரை. கடைசியாகச் சொன்னது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இமை ஏன் மாலையில் சரிகிறது?

கையை அசைக்க நினைக்கிறீர்கள். நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளியாகிறது. தசையின் பக்கம் அதைப் பிடித்துக்கொள்ள ஏற்பிகள் இருக்கின்றன. வேதிப்பொருள் ஏற்பியில் போய் உட்கார்ந்தால் தசை சுருங்கும். மயஸ்தீனியாவில் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் இந்த ஏற்பிகளையே எதிரி என்று தவறாக நினைத்து ஆன்டிபாடிகளை ஏவிவிடுகிறது. கொஞ்சம் ஏற்பிகள் அடைபட்டுப் போகின்றன, கொஞ்சம் அழிந்துபோகின்றன. நோய் உடல் முழுக்கப் பரவியவர்களில் சுமார் 85 சதவீதம் பேரின் ரத்தத்தில் இந்த ஆன்டிபாடியைக் காணலாம்.

இன்னொரு விவரம் முக்கியம். ஒரே தசையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்போது, ஒவ்வொரு முறையும் நரம்பு வெளிவிடும் அசிட்டைல்கோலின் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். இது எல்லாருக்கும் நடப்பதுதான். மற்றவர்களிடம் ஏற்பிகள் தாராளமாக இருப்பதால் தெரிவதில்லை. இவர்களிடம் இருப்பே குறைவு. அதனால்தான் காலையில் நன்றாக இருக்கும் இமை மாலையில் சரிகிறது. மீட்டிங் தொடங்கும்போது தெளிவாக இருந்த பேச்சு 20 நிமிடத்தில் மூக்கால் பேசுவதுபோல் ஆகிறது. திரையில் ஒரு வரி இரண்டாகத் தெரிகிறது. ஓய்வெடுத்தால் திரும்ப வருகிறது.

எத்தனை பேருக்கு இருக்கிறது? உலக அளவில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் மதிப்பீடு 10 லட்சம் பேருக்கு 150 முதல் 250 பேர். அதே விகிதத்தை 140 கோடி மக்கள்தொகைக்குப் போட்டால் 2.1 லட்சம் முதல் 3.5 லட்சம் வரை வரும். இது வெறும் பெருக்கல் கணக்கு, எண்ணிப் பார்த்த எண் இல்லை. பெண்களுக்கு 40 வயதுக்கு முன்பும் ஆண்களுக்கு 60-ஐ ஒட்டியும் வருவது உலகளவில் வழக்கமான போக்கு. நடிகர் அமிதாப் பச்சனுக்கு 1980-களில் இந்த நோய் கண்டறியப்பட்டது பலருக்கும் தெரிந்த செய்தி.

காபி உள்ளே போய் என்ன செய்கிறது?

காபீனுக்கு உடம்பில் இரண்டு வேலை உண்டு என்று பாடப்புத்தகம் சொல்லும். ஒன்று, தசை செல்லுக்குள் சேமித்து வைத்த கால்சியத்தைத் திறந்துவிட்டுத் தசையை நேரடியாகச் சுருக்குவது. இணையத்தில் காபி தசைக்கு வலு தரும் என்று எழுதுபவர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான். உண்மைதான், ஆய்வகத்தில் இது நடக்கும். மயக்க மருந்து ஒவ்வாத ஒரு பரம்பரைக் குறைபாட்டைக் கண்டுபிடிக்க, நோயாளியின் தசைத் துண்டைக் காபீன் கரைசலில் வைத்து எப்படிச் சுருங்குகிறது என்று பார்க்கும் பரிசோதனையே இருக்கிறது.

கணக்கு இங்கேதான் உதைக்கிறது. அந்தப் பரிசோதனையில் முக்கியமாகப் பார்க்கும் அளவு 2 மில்லிமோல். ஒரு நல்ல காபி குடித்த பிறகு உங்கள் ரத்தத்தில் இருப்பது ஏறத்தாழ 0.01 மில்லிமோல். இருநூறு மடங்கு வித்தியாசம். காபி குடித்துக் குடித்தே அந்த அளவை எட்ட முடியாதா என்றால், லிட்டருக்கு 80 மில்லிகிராமைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து. அது வெறும் 0.4 மில்லிமோல்தான். போகிற வழியிலேயே ஆள் இருக்க மாட்டார்.

இரண்டாவது வேலை, அடினோசினைத் தடுப்பது. இதற்கு ஒரு கப் காபியே போதும். மூளையில் அடினோசின் தூக்கத்தைக் கொண்டுவரும், காபீன் அதைத் தடுப்பதால் விழிப்பு வருகிறது. நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்திலும் அடினோசின் இருக்கிறது. அங்கே அதற்கு இரண்டு வகை ஏற்பிகள். ஒரு வகை அசிட்டைல்கோலின் வெளியேறுவதற்கு பிரேக் போடும், இன்னொரு வகை ஆக்சிலரேட்டரை அழுத்தும். காபீன் இரண்டையும் தடுக்கும். ஆகவே கடைசியில் வண்டி வேகமெடுக்குமா, தேங்குமா என்று ஆய்வக விலங்குகளின் தசையை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. மனிதர்களிடம்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்ப்பது எப்படி என்பதற்கு இதே நோயில் ஓர் அழகான முன்னுதாரணம் இருக்கிறது. ஹாரியட் எட்ஜ்வொர்த் என்ற அமெரிக்கப் பெண் தானே மயஸ்தீனியா நோயாளி. மாதவிடாய் வலிக்காக எஃபெட்ரின் எடுத்துக்கொண்டபோது தன் தசைகளுக்கு வலு வந்ததைக் கவனித்து 1930-ல் மருத்துவ இதழில் எழுதினார். எஃபெட்ரினும் ஊக்கப்பொருள்தான். அந்தக் கவனிப்பு பல பத்தாண்டுகளுக்கு அனுபவக் குறிப்பாகவே இருந்தது. 2017-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 4 நோயாளிகளை வைத்து, சில நாள் எஃபெட்ரின், சில நாள் வெறும் மாத்திரை, எது எப்போது என்று யாருக்கும் தெரியாமல் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். முன்னேற்றம் இருந்தது, சிறியதுதான், ஆனால் அளந்து பார்த்தது. காபியை முடிவாகத் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அப்படி யாரும் அளக்கவில்லை. ஆகவே காபியை மருந்தாகச் சொல்பவரிடமும் விஷமாகச் சொல்பவரிடமும் கையில் இருப்பது அனுபவக் கதை மட்டும்தான்.

எல்லாரிடமும் ஏன் ஒரு கதை இருக்கிறது?

தரவோடு வேலை செய்கிறவள் என்ற முறையில் எனக்கு இந்த நோயில் மிகவும் சுவாரசியமான பகுதி இதுதான். மயஸ்தீனியா ஏறி இறங்கும் நோய். காலையில் நன்றாக இருக்கும், மாலையில் மோசமாகும். சில வாரம் நன்றாக இருக்கும், சில வாரம் படுத்தும். இப்படிப்பட்ட நோயில் எந்த உணவின் மீதும் பழியைப் போடலாம், எதற்கும் பாராட்டுப் பத்திரம் கொடுக்கலாம்.

காலை 7 மணிக் காபியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் தசை எப்படியும் நன்றாகத்தான் இருக்கும், இரவு முழுக்க ஓய்வெடுத்திருக்கிறது. கூடவே முதல் பைரிடோஸ்டிக்மின் மாத்திரையையும் பலர் அதே டம்ளரோடு போடுவார்கள். அந்த மாத்திரை வேலை செய்யத் தொடங்க 30 முதல் 45 நிமிடம் ஆகும். காபி குடித்து அரை மணியில் இமை திறக்கிறது! பாராட்டு யாருக்குப் போகும்? மாலை 5 மணிக் காபிக்கு இதற்கு நேர்மாறான விதி. மதியம் போட்ட மாத்திரையின் வேகம் 3, 4 மணி நேரத்தில் வடிந்திருக்கும், நாள் முழுக்க உழைத்த தசை ஓய்ந்திருக்கும். அந்த நேரத்தில் குடித்த காபிக்குக் கெட்ட பெயர்.

இதில் இன்னொரு குழப்பமும் கலந்திருக்கிறது. தமிழில் 'சோர்வு' என்று ஒரே சொல்லால் இரண்டைச் சொல்லிவிடுகிறோம். தூக்கக் கலக்கமும் அலுப்பும் ஒன்று. தசை அடுத்த அசைவுக்கு வர மறுப்பது இன்னொன்று. காபி முதலாவதைக் குறைக்கும். உற்சாகம் வந்ததும் இரண்டாவதும் சரியாகிவிட்டதாகத் தோன்றும். மாடிப்படி ஏறிப் பார்த்தால் நான்காவது படியில் தெரிந்துவிடும்.

சரி, அப்படின்னா காபியால் பிரச்சினையே இல்லையா?

இருக்கிறது, ஆனால் அது தசையில் இல்லை. பைரிடோஸ்டிக்மினின் பக்கவிளைவுகளை வரிசையாகப் பாருங்கள்: வயிற்றைப் பிசைவது, பேதி, வியர்வை, வாயில் நீர் ஊறுவது, தசை துடிப்பது. காபி அதிகமானால் வருபவை: வயிற்றுக் கலக்கம், பேதி, வியர்வை, படபடப்பு, இமை துடிப்பது. இரண்டு பட்டியலும் பாதிக்கு மேல் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. இந்த மாத்திரையில் அளவு கூடிப்போனாலும் தசை வலுவிழக்கும், குறைந்துபோனாலும் வலுவிழக்கும். எது நடக்கிறது என்று மருத்துவர் கண்டுபிடிப்பது இந்தப் பக்கவிளைவுகளைப் பார்த்துத்தான். நாளைக்கு ஐந்தாறு காபி குடித்துவிட்டு வந்தால் அவர் எதைப் பார்த்து அளவை நிர்ணயிப்பார்?

அடுத்தது தூக்கம். காபீனின் பாதி உடம்பைவிட்டு வெளியேற சுமார் 5 மணி நேரம் ஆகும். படுக்கப் போவதற்கு 6 மணி நேரத்துக்கு முன் 400 மில்லிகிராம் காபீன் எடுத்தாலும் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைகிறது என்று 2013-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஓய்வுதான் இந்த நோயில் தசைக்கு இலவசமாகக் கிடைக்கும் மருந்து. பிரெட்னிசலோன் எடுப்பவர்களுக்கு அந்த மாத்திரையே தூக்கத்தைக் கெடுக்கும். அதன் மேல் காபி வேறயா?

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆரோக்கியமானவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் காபீன் வரை பாதகமில்லை என்கிறது, கர்ப்பிணிகளுக்கு 200. நம் ஊர் எனர்ஜி டிரிங்க்குகளில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது எஃப்எஸ்எஸ்ஏஐ விதி. அதாவது 250 மில்லி கேனில் அதிகபட்சம் 75 மில்லிகிராம். ஃபில்டர் காபியில் எவ்வளவு என்று யாரும் ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. டிகாஷனின் கெட்டி ஒரு காரணம், சிக்கரி இன்னொரு காரணம். சிக்கரியில் காபீன் கிடையாது. சிக்கரி கலந்த காபித் தூளில் 51 சதவீதம் காபி இருந்தாலே விதிப்படி போதும். பாக்கெட்டில் விகிதம் போட்டிருக்கும், திருப்பிப் பாருங்கள். காபி இல்லாமல் முடியாது என்பவர்கள் தூளை மாற்றினாலே காபீனைக் கணிசமாகக் குறைத்துவிடலாம்.

நான் கேட்ட இடத்தில் சொல்வது இதுதான்: காலையில் ஒன்று, மதியத்துக்கு முன் ஒன்று, தினமும் அதே அளவு, அதே நேரம். அளவு நிலையாக இருந்தால் மருத்துவருக்கும் கணக்குப் பிடிபடும், உங்களுக்கும். திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாள் தலைவலியும் அசதியும் வரும். அதை நோய் முற்றிவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆபத்து மருந்துக்கடையில் காத்திருக்கிறது

இனி வருவதை மயஸ்தீனியா உள்ளவர் வீட்டில் எல்லாரும் படிக்க வேண்டும். மாத்திரையாலோ, காபியாலோ, வெளியே சாப்பிட்டதாலோ வயிறு போகிறது. பெங்களூரோ குருகிராமோ, பேயிங் கெஸ்டில் இருக்கும் ஒருவர் என்ன செய்வார்? கீழே மெடிக்கலில் போய் "லூஸ் மோஷனுக்கு ஏதாவது கொடுங்க" என்பார். கையில் வருவது பல நேரம் நார்ஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் இவற்றில் ஒன்று. இந்தக் குடும்பத்து ஆன்டிபயாட்டிக்குகள் மயஸ்தீனியா நோயாளிகளின் தசைப் பலவீனத்தை மோசமாக்கலாம், மூச்சுத் தசைகளைக் கூட விட்டுவைக்காது என்பதால் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2011-ல் மருந்தின் குறிப்புத்தாளில் கட்டம் கட்டிய எச்சரிக்கையைச் சேர்த்தது. கட்டம் கட்டுவது என்பது அங்கே உச்சபட்ச எச்சரிக்கை. இருமலுக்குக் கேட்டு வாங்கும் அசித்ரோமைசினும் எச்சரிக்கைப் பட்டியலில் உண்டு.

நோய் இருப்பதைக் கடைக்காரரிடம் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை. சீட்டு இல்லாமல் இந்த மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது என்பது வேறு விஷயம். பேதி வந்தால் முதலில் ஓஆர்எஸ் கரைசல், பிறகு உங்கள் நரம்பியல் மருத்துவருக்கு ஒரு போன். பேதியில் பொட்டாசியம் இறங்கினாலே தசை தளரும், அதற்கு மேல் தப்பான மாத்திரையும் சேரக் கூடாது.

இதே வரிசையில் மெக்னீசியமும் வரும். இப்போது நம் வயதுக்காரர்கள் பலர் நல்ல தூக்கத்துக்கு என்று மெக்னீசியம் மாத்திரை போடுகிறார்கள், ஜிம்மில் எலக்ட்ரோலைட் பொடி கலக்குகிறார்கள். மெக்னீசியம் நரம்பு நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் வெளியேறுவதைக் குறைக்கும். ஊசி வழியாகப் போனால் பெரிய ஆபத்து. மாத்திரை, மலமிளக்கி, நெஞ்செரிச்சல் சிரப் வடிவிலும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். கீரை, பாதாம், சுண்டல் இவற்றில் இருக்கும் மெக்னீசியத்தைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. சாப்பாட்டில் வரும் அளவை, சிறுநீரகம் நன்றாக இருந்தால், உடம்பே சமாளித்துக்கொள்ளும். டானிக் வாட்டரில் குயினின் இருக்கிறது, அதைத் தவிர்த்துவிடுங்கள். ஜின் இல்லாமல் குடித்தாலும் சேர்த்துத்தான்.

தட்டில் என்ன, எப்போது?

மெல்லும் தசையும் விழுங்கும் தசையும் பாதிக்கப்பட்டவர்களுக்கு உணவு என்பது சத்துக் கணக்குக்கு முன்னால் ஒரு பொறியியல் கணக்கு. பரோட்டாவைப் பாதி தின்றதும் தாடை ஓய்ந்து, கையால் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். ரசத்தையோ தண்ணீரையோ வேகமாகக் குடித்தால் மூக்கு வழியாகத் திரும்பி வரும், ஏனென்றால் அண்ணத்தின் தசை மூட மறுக்கிறது.

இதற்கு நேரம்தான் முதல் மருந்து. விழுங்கச் சிரமப்படுபவர்கள் பைரிடோஸ்டிக்மினைச் சாப்பாட்டுக்கு 30 முதல் 45 நிமிடம் முன்பே போட்டுக்கொண்டால், மருந்து உச்சத்தில் இருக்கும்போது சாப்பாடு நடக்கும். வெறும் வயிற்றில் போட்டால் பிசைகிறது என்பவர்கள் இரண்டு பிஸ்கட்டோ கொஞ்சம் பாலோ சேர்த்துக்கொள்ளலாம். நாளின் பெரிய சாப்பாட்டைக் காலைக்கோ மதியத்துக்கோ நகர்த்திவிட்டு இரவு எளிதாக முடித்துக்கொள்வது நல்லது. இரவு 10 மணிக்கு ஆர்டர் போட்டுச் சாப்பிடும் நம் ஐடி வாழ்க்கைக்கு இது பிடிக்காதுதான்.

உணவின் பதம் அடுத்தது. குழைந்த சாதம், தயிர் சாதம், இட்லி, பாலில் ஊறிய இடியாப்பம், கேழ்வரகுக் கூழ் இவை எளிது. காய்ந்த சப்பாத்தி, அவல், முறுக்கு, நார் நாரான இறைச்சி கடினம். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் இடைவெளி விடுங்கள். சாப்பிடும்போது பேசாதீர்கள், பேச்சும் அதே தசைகளைத்தான் செலவழிக்கிறது.

சூடும் ஒரு விஷயம். சூடு இந்த நோயில் தசையைத் தளர்த்தும், குளிர்ச்சி வலு தரும். சரிந்த இமையின் மீது சில நிமிடம் ஐஸ் பையை வைத்து, இமை மேலே எழுகிறதா என்று பார்ப்பது மருத்துவர்கள் செய்யும் எளிய பரிசோதனை. விழுங்கச் சிரமம் உள்ளவர்கள் கொதிக்கக் கொதிக்கச் சாப்பிடாமல் ஆறவைத்து, முடிந்தால் குளிர்ச்சியாகச் சாப்பிடச் சொல்வதும் இதனால்தான். காபி குடித்ததும் வாய் தளர்கிறது என்று யாராவது சொன்னால் காபீனைச் சந்தேகிப்பதற்கு முன் டம்ளரின் சூட்டைச் சந்தேகிக்கலாம்.

சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுவது, எச்சில் விழுங்க முடியாமல் போவது, படுத்தால் மூச்சு முட்டுவது இவை உணவை மாற்றிப் பார்க்கும் கட்டத்தைத் தாண்டியவை. ஒரே மூச்சில் சத்தமாக 1, 2, 3 என்று எண்ணிப் பாருங்கள். நலமாக இருப்பவர் 40, 50 வரை போவார். 20-ஐத் தொட முடியவில்லை என்றால் ஐசியு வசதி உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். காலை வரை காத்திருக்க வேண்டாம்.

ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு ஒரு தனிக் கணக்கு

பிரெட்னிசலோன் நீண்டநாள் எடுப்பவர்களுக்குப் பசி ஏறும், எடை ஏறும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும், எலும்பு மெலியும். ஊறுகாய், அப்பளம், சிப்ஸைக் குறைப்பது இதற்காக. உலக சுகாதார அமைப்பு சொல்லும் வரம்பு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. எலும்புக்குத் தயிரும் பாலும் கேழ்வரகும் உதவும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது.

பலருக்கும் தெரியாத ஒன்று: காலையில் ஸ்டீராய்டு எடுத்தால் சர்க்கரை ஏறுவது பெரும்பாலும் மதியத்திலும் மாலையிலும்தான். காலை வெறும் வயிற்றில் எடுத்த பரிசோதனை நார்மலாக வந்து ஏமாற்றிவிடலாம். மதிய உணவுக்குப் பிறகும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இருமலுக்கு அதிமதுரம் சப்பும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுவது நல்லது. அது பொட்டாசியத்தைக் குறைக்கும், ஸ்டீராய்டும் அதையேதான் செய்கிறது. டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் எடுப்பவர்கள் கிரேப்ஃப்ரூட்டையும் அதன் உறவான பம்பளிமாசையும் தவிர்க்க வேண்டும். அவை மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லி உறவினர்கள் கொண்டுவரும் பொடிகளையும் சொல்ல வேண்டும். இந்த நோயில் எதிர்ப்பு சக்தி குறைந்து போகவில்லை, தப்பான முகவரிக்குப் போகிறது. மருத்துவர் மருந்து கொடுத்து அடக்கப் பார்க்கும் ஒன்றை நாம் பொடி கொடுத்துத் தூண்டிவிட வேண்டுமா? சீந்தில் எடுத்துக்கொண்ட 6 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அந்த முடிவை ஏற்கவில்லை. மயஸ்தீனியாவுக்குத் தரும் அசாதியோபிரின் ஏற்கெனவே கல்லீரலைக் கண்காணித்துக்கொண்டே எடுக்க வேண்டிய மருந்து என்பதால், நான் இதில் எச்சரிக்கையின் பக்கம்தான் நிற்பேன்.

பிரியாணி சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் கால் வராதது வேறு நோய்

இணையத்தில் இந்த நோயோடு கலந்து கிடக்கும் இன்னொன்றைப் பிரித்துச் சொல்லாமல் விட முடியாது. உணவே நேரடியாகத் தசையை முடக்கிப்போடும் ஒரு நோய் உண்மையிலேயே இருக்கிறது. பொட்டாசியம் குறைவதால் வரும் பீரியாடிக் பராலிசிஸ். இரவு வயிறு நிறைய பிரியாணியோ இனிப்போ சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். விடியற்காலையில் எழுந்தால் கால் அசையாது. மாவுச்சத்து இன்சுலினைத் தூண்டுகிறது, இன்சுலின் ரத்தத்தில் இருக்கும் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளிவிடுகிறது, தசை செயலிழக்கிறது. கடுமையான உடற்பயிற்சிக்குப் பிறகு ஓய்வெடுக்கும்போதும் வரும். லிட்டர் கணக்கில் கோலா குடிப்பவர்களுக்குப் பொட்டாசியம் இறங்கித் தசை தளர்ந்த சம்பவங்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. காபீனும் சர்க்கரையும் அங்கே கூட்டாளிகள்.

மயஸ்தீனியா பெரும்பாலும் கண்ணில் தொடங்கும். இது காலில் தொடங்கும், இமையையும் பார்வையையும் பொதுவாக விட்டுவிடும். தைராய்டு அதிகம் சுரப்பதால் வரும் வகை ஆசிய ஆண்களிடம், அதிலும் 20 முதல் 40 வயதுக்குள் இருப்பவர்களிடம் அதிகம். அதனால் இந்த வயதில் ஒருவருக்குக் காலையில் திடீரென்று கால் வராமல் போனால், அந்த நேரத்திலேயே ரத்தத்தில் பொட்டாசியமும் ஈசிஜியும் பார்க்க வேண்டும், பிறகு தைராய்டும். சில மணி நேரத்தில் தானாகவே சரியாகிவிடும் என்பதால் மறுநாள் போய்ப் பார்த்தால் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. நம் ஊரில் உடம்பு தளர்ந்து வருபவருக்குக் கிளினிக்கில் முதலில் ஏற்றுவது குளுக்கோஸ். இந்த நோயில் குளுக்கோஸ் இன்சுலினைத் தூண்டிப் பொட்டாசியத்தை இன்னும் கீழே இறக்கும். கால் வராமல் தூக்கிக்கொண்டு போகும் நண்பர்கள், டிரிப் போடுவதற்கு முன் பொட்டாசியம் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.